புதன்கிழமை வந்த வேப்பிலை

எங்கள் லயத்துக்கு மாரியம்மன் வந்தது ஒரு வியாழக்கிழமை. வேப்பிலை வந்ததோ அதற்கு முந்தின நாள். இந்த வரிசையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது எனக்குப் பெரிய கர்வம். எனக்கு வயது ஒன்பது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிழமைகளையும் வாய்ப்பாட்டையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிற பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சிலேட்டில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்போது பதுளைக்கு ரயில் வந்திருக்கவில்லை. டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மாட்டு வண்டி ஏறிவர அரை நாள் பிடிக்கும். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. நாலாவது காம்பராவில் அம்மா, அப்பா, சித்தி, நான் என்று நாலு பேர் இருந்தோம். அப்பாவுக்குக் கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் வேலை. சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடு இருந்தாள். பதினேழு வயது. கொழுந்து பறிப்பதில் அவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அதைவிட அதிசயம் அவளுடைய காது. மாசி மாதம் காமன் கூத்து நடந்தால், மறுநாள் மலையில் ரதியின் பாட்டையும் மன்மதன் பாட்டையும் இரண்டு குரலில் அவளே பாடுவாள். ஒருமுறை கேட்டால் போதும்.

அந்த வருஷம் துரை பங்களாவுக்குப் பாட்டுப் பெட்டி ஒன்று வந்தது. பங்களாவுக்குக் கீழே வேலியோரம் நானும் சித்தியும் விறகு பொறுக்கப் போனபோது அது பாடியது. சீமைப் பெண்பிள்ளை ஒருத்தியின் குரல். யாரோ மிதித்த பூனை மாதிரி உச்சியில் தொடங்கி, படி இறங்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கி வந்தது. பெட்டிக்குள் ஆள் இல்லை, ஊசிதான் பாடுகிறது என்பதைப் பங்களாவில் சமைக்கிற அப்பு எல்லாருக்கும் சொல்லியிருந்தார். ஆகவே என்னுடைய சந்தேகம் வேறு.

"பெட்டி பாடாத நேரத்துல அந்தப் பாட்டு எங்க சித்தி இருக்கும்?"

"என் வாயில இருக்கும்" என்று சொல்லி, சித்தி அதை அப்படியே பாடிக் காட்டினாள். பூனையும் இருந்தது, படியும் இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், சித்திக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போயிருந்தேன். அவள் அந்தச் சீமை மெட்டில் தமிழ் வார்த்தைகளைப் போட்டு, கங்காணியாரின் தொப்பையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாள். தேயிலை நிரையில் நின்ற பெண்கள் கூடையோடு குலுங்கினார்கள். திடீரென்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரும்பினால், குதிரைமேல் துரை.

"யார் அது பாட்டுப் பாடறது?" என்று துரை கேட்டார்.

ஒருவரும் நிமிரவில்லை. அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துப்போனது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வகுப்பில் யாருக்கும் தெரியாத கணக்குக்கு விடை சொல்லுகிற சந்தோஷத்தோடு நான் கையைத் தூக்கினேன்.

"எங்க சித்திங்க தொரை!"

துரை சித்தியைப் பார்த்தார். சிரித்தார். குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அம்மா என் வாயில் ஒரு அடி போட்டாள். சரியான விடைக்கு அடி கிடைத்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்பிய நேரத்தில், பெரிய கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். பெரிய கங்காணி லயத்துக்கு வருவது சாதாரணச் செய்தி அல்ல. மூன்று நான்கு வாசல்களில் தலைகள் தெரிந்தன.

"தொரை உத்தரவும்மா" என்றார். "வெள்ளிக்கெழமையிலேருந்து ஒன் தங்கச்சிக்குப் பங்களாவுல வேல. அங்கேயே தங்கிக்கிடணுமாம்."

அம்மா எழுந்து நின்றாள். "அங்கதான் அப்பு இருக்காரு, எடுபிடிக்கு ரெண்டு பசங்க இருக்காங்களே. பொட்டப்புள்ளைக்கு அங்க என்னங்க வேல?"

"ஆயா வேலைன்னு சொன்னாரு."

எனக்குக் கணக்கு இடித்தது. "தொரசானியும் பாப்பாவும் போன மாசமே சீமைக்குக் கப்பல் ஏறிட்டாங்களே. சித்தி யாரைப் பாத்துக்கிறது?"

கங்காணியார் இருமினார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

"கொடம் நெறைஞ்சுதாம்மா இருக்கு."

"கொட்டிட்டு எடுத்துட்டு வா."

நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது கங்காணியார் போயிருந்தார். சித்தி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. பங்களாவில் என்னவெல்லாம் இருக்கும் என்று ஒரு பட்டியல் எழுதினேன். பாட்டுப் பெட்டி, கண்ணாடி ஜன்னல், தரைக்கு விரித்த புலித்தோல், சக்கரை போட்ட பால். இதைப் படித்துக் காட்டினால் அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிலேட்டை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். இதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் பங்களா வேலைக்குப் போன பெண் ஒருத்தி உண்டு. ஒரு வருஷத்தில் அவளை அவசரமாகத் திருச்சிப் பக்கம் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அவளைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பிப்பார்கள்.

முடியாது என்று சொல்லலாமா என்றால், சொல்லலாம். சொன்னால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டில் எங்கள் வீட்டார் பெயரைக் கூப்பிடமாட்டார்கள். லயத்தை விட்டும் வெளியேற வேண்டும். வேறு தோட்டத்தில் பெயர் பதிய வேண்டுமானால் பழைய துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். எந்தத் துரையிடம் முடியாது என்று சொன்னோமோ, அதே துரையிடம் போய் அந்தச் சீட்டைக் கேட்க வேண்டும். பூனாகலைத் தோட்டத்தில் அம்மாவின் அண்ணன் இருந்தார். சித்தியை அங்கே அனுப்பிவிடலாம் என்று அப்பா முனகியதும், "சீட்டில்லாம யாரு சேத்துக்குவாங்க?" என்று அம்மா கேட்டதும் என் காதில் விழுந்தன. எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி ஜன்னல் உள்ள இடத்துக்குப் போக இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அம்மா என்னைக் குளிப்பாட்டி அம்மன் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் கல்லும் சூலமும் இருக்கும். அதுதான் எங்கள் மாரியம்மன் கோயில். அம்மா இரண்டு சின்னப் பொட்டலங்களை இலையில் மடித்து நூல் சுற்றிக் கல்லின் முன் வைத்தாள். ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளைப் பூ. எதில் எது என்று வெளியே தெரியாது. இப்படிப் பூக்கட்டிப் பார்ப்பது சாமியிடம் உத்தரவு கேட்கிற வழி; சிவப்பு வந்தால் சம்மதம். எடுப்பது சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும். என்ன கேள்வி என்று அதற்குத் தெரியக் கூடாது.

"யோசிக்காம ஒண்ணு எடு."

நான் யோசித்துத்தான் எடுத்தேன். இடதுபக்கத்துப் பொட்டலத்தில் நூல் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அம்மா அதைப் பிரித்தாள். சிவப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது நல்ல தண்ணீரா கெட்ட தண்ணீரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"என்னம்மா கேட்ட?"

"ஒண்ணுமில்ல. நட."

அன்று மத்தியானம் அப்பா தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டியோடு டவுனுக்குப் போனார். மறுநாள் துணிக்கார நானா வந்தார். பதுளைக் கடைவீதியில் சிறிய கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. மாதம் ஒருமுறை வண்டியில் துணி கொண்டுவந்து லயம் லயமாக விற்பார். "சீத்தை, சேலை, சாரம்!" என்று அவர் கூவுவது அடுத்த மலைக்கும் கேட்கும். அந்தப் புதன்கிழமை அவர் கூவவில்லை. துணிக் கட்டுக்கு அடியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். கசப்பு வாடை அடித்தது.

"இந்தா புள்ள, இத உம்மாட்ட குடு. தண்ணி தெளிச்சு வைக்கச் செல்லு. இல்லாட்டி வாடிப் போகும்."

"என்ன நானா இது?"

"வேப்பெல. நோவுக்கு."

"யாருக்கு நோவு?"

"இன்னும் ஒத்தருக்கும் இல்ல" என்றார் நானா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்று துணி விற்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எங்கள் உயரத்துக் குளிரில் வேம்பு வளராது. டவுனிலிருந்தோ இன்னும் கீழே பிபிலைப் பக்கத்திலிருந்தோதான் கொண்டுவர வேண்டும். அதனால் வேப்பிலை ஒருவர் வீட்டுக்கு வந்தால் அது லயம் முழுவதற்கும் தெரியும். ஆனால் மூட்டையை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்தாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது எங்கள் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. சித்தி பாயில் படுத்திருந்தாள். முகத்திலும் கையிலும் மஞ்சள். "அம்மா வந்துட்டா" என்று அம்மா வாசலில் நின்று லயத்துக்கு அறிவித்தாள்.

அம்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாரியம்மன் விருந்தாளியாக வந்து அந்த உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்றுதான் பேச்சு. விருந்தாளிக்குரிய மரியாதைகள் எல்லாம் நடந்தாக வேண்டும். நான் அவற்றைச் சிலேட்டில் எழுதினேன். அடுப்பில் தாளிப்பு கூடாது. மீன், கருவாடு கூடாது. தலைக்கு எண்ணெய் கிடையாது. துணி வெளுக்கப் போடக் கூடாது. வெளியாள் படியேறக் கூடாது, தோல் செருப்போடு வாசலுக்கே வரக் கூடாது. கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்லாமல் முத்து என்று சொல்ல வேண்டும். மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை இதுதான் சட்டம். எங்கள் காம்பராவுக்கு மட்டுமல்ல, பன்னிரண்டு காம்பராவுக்கும். அன்று முதல் லயத்தில் ஒரு வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தி பங்களாவுக்குப் போகவில்லை. அம்மன் இருக்கிற உடம்பைப் பங்களாவுக்கு அனுப்ப யாருக்குத் தைரியம் வரும்?

அன்று அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் நான் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முத்துக்களை எண்ணி எழுதி வைக்க வேண்டும் என்பது என் திட்டம். சித்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். மஞ்சளை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லையே சித்தி."

"நல்லாப் பாரு."

"முழங்கையில கொசுக்கடி ஒண்ணு இருக்கு."

"அதையும் சேத்துக்க" என்றாள் சித்தி. சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டாள். நான் எழுதினேன்: முத்து, 0. கொசுக்கடி, 1. மேலே ஏற்கெனவே எழுதியிருந்தது: செவ்வாய், பூ. புதன், வேப்பிலை. வியாழன், அம்மன். எனக்குப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. வியாழக்கிழமை வரப்போகிற மாரியம்மன், புதன்கிழமையே நானாவிடம் எப்படிச் சொல்லி அனுப்பினாள்? அவர் பள்ளிவாசலுக்குப் போகிறவர். தன் கல்லுக்கு முன்னால் தினமும் விளக்கு வைக்கிற என் அம்மாவிடம் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னாள்?

சனிக்கிழமை காலையில் எனக்கு மனது உறுத்தியது. எங்களால் லயமே ருசியில்லாத குழம்பு சாப்பிடுகிறது. அடுத்த காம்பராக்காரம்மா கருவாடு இல்லாமல் ஒரு கவளம் இறக்கமாட்டாள். அவளுக்கும் அம்மாவுக்கும் லயத்துக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிப்பது பற்றி மூன்று வருஷமாகச் சண்டை. அவளிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"சித்திக்கு முத்தே போடல. நான் எண்ணிப் பாத்தேன்."

அவள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினாள். "என்னடி சொன்ன? அம்மா வந்திருக்கிற வீட்டுல இப்படிப் பேசினா நாக்கு அழுகிப்போகும். ஓடு! இன்னொரு தடவை இத யாருகிட்டயாவது சொன்ன, நானே சூடு வைக்கிறேன்."

எவ்வளவு பக்தி இவளுக்கு என்று வியந்துகொண்டே ஓடிவந்தேன்.

அன்று பத்து மணிபோல் மருந்தையா வந்தார். தோட்டத்து மருந்துச் சாலைக்குப் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்து மனிதர். பொய் நோய் சொல்லி வேலைக்கு வராதவர்களைப் பிடிப்பதில் பேர்போனவர். நாக்கை நீட்டச் சொல்வார், ஆமணக்கெண்ணெய் போத்தலைத் திறப்பார். வயிற்றுவலிக்காரன் வலி போய்விட்டது என்று தானாகவே மலைக்கு ஓடிவிடுவான். அவரைத் துரை அனுப்பியிருந்தார். நிஜமா பொய்யா என்று பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. பொய் என்றால் சித்தி அன்றைக்கே பங்களாவில் இருக்க வேண்டும். அவரோடு பெரிய கங்காணியும் வந்தார். ஆனால் அவர் தோல் செருப்போடு இருந்ததால் இருபது அடி தள்ளி, சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாகவே நின்றுகொண்டார்.

லயத்து வாசல்களில் எல்லாரும் நின்றார்கள். அம்மா வாசலை மறித்து நின்றாள். "சப்பாத்தோட வரக் கூடாதுங்க ஐயா."

மருந்தையா குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு படியேறி, தொங்கிய சாக்கை விலக்கி உள்ளே பார்த்தார். சித்தி போர்வைக்கு மேலே கண் மட்டும் தெரியக் கிடந்தாள். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினாலு எண்ணும்வரை அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் தொடவில்லை. நாக்கை நீட்டச் சொல்லவில்லை. திரும்பியபோது அவர் கண் என்மேல் விழுந்தது.

"என்ன பிள்ளை, சிலேட்டை நெஞ்சோட அணைச்சு வைச்சிருக்கிறாய்? என்ன எழுதினனீ?"

ஒரு படித்த மனிதர் என் கணக்கைப் பார்க்கக் கேட்கிறார். நான் நீட்டினேன். அம்மாவின் கை அதைப் பிடுங்க வந்து பாதியில் நின்றது. அம்மாவின் முகம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

மருந்தையா செவ்வாயிலிருந்து தொடங்கி நிதானமாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"என்னங்க ஐயா எழுதியிருக்கு?" என்று கங்காணியார் கானோரத்திலிருந்து கத்தினார்.

மருந்தையா கட்டைவிரலை எச்சிலில் தொட்டுக் கொசுக்கடி வரியை மட்டும் அழித்தார். "இது தேவையில்லை" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு லயம் முழுவதும் கேட்கும்படி பேசினார்.

"வெளியில ஒரு முத்தும் இல்லை, கங்காணி. பிள்ளை எண்ணி எழுதி வைச்சிருக்குது. அப்ப முழுக்க உள்ளுக்கைதான் நிக்குது. வெளியில வந்த அம்மைக்குப் பயமில்லை. வராமல் உள்ளுக்கை நிக்கிறதுதான் பொல்லாதது. மூச்சுக் காத்திலையே தொத்தும். மாறினாப் பிறகும் ஒரு வருசத்துக்கு இந்தப் பிள்ளை நிண்ட இடத்தில ஆள் நிக்கேலாது."

கங்காணியார் ஒரே எட்டில் பின்வாங்கினார். ஒரு கால் கானுக்குள் போய்விட்டது.

உள்ளே நிற்கிற அம்மை! நான் எழுதின பூஜ்யம்தான் அதற்குச் சாட்சி. அதைவிட மோசம், பூவை எடுத்தவள் நான். நூல் ஒழுங்காக இருக்கிறது என்று சிவப்பை எடுத்து, சித்திக்குப் பொல்லாத அம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டேன். நான் தரையில் விழுந்து அலறினேன். "சித்தி செத்துப்போயிடுவா, சித்தி செத்துப்போயிடுவா" என்று நான் அழுத அழுகையில் மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். தும்மினாலே அடிக்கிற அம்மா அன்று என்னை அடிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். மருந்தையா படியில் உட்கார்ந்து புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதினார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, யாருக்கும் எண்ணெய் கொடுக்காமல் போனார்.

பிறகு நான் பதுளைக்குப் படிக்கப் போய், அதன்பின் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் பழகியபோது, அம்மை வகைகளைப் பற்றிய பாடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. சின்னது, பெரியது, தட்டம்மை, ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு, அடையாளம் எல்லாம் இருந்தன. பட்டியல் முடிந்தது. கடைசிவரை வெளியே வராமல் ஒரு வருஷம் காற்றில் தொற்றுகிற அம்மை அதில் இல்லை. அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். ஆமணக்கெண்ணெய் மனிதர் என்று நாங்கள் கேலி செய்தவர், வேலையையே பணயம் வைத்து ஒரு நோயை உண்டாக்கியிருக்கிறார்.

அம்மாவுக்கு அந்த விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. அம்மன் பெயரைப் பொய்க்கு இழுத்தது அவளுக்குள் கிடந்து அறுத்தது. பூ உத்தரவு கொடுத்தது உண்மைதான். ஆனாலும், கேட்கக் கூடாததைக் கேட்டால் சாமி கொடுத்துவிட்டுக் கணக்கை வைத்துக்கொள்ளும் என்பது அவள் எண்ணம். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அவள் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள். போதுமே என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ எடுத்த பூவுக்கு நான் சாப்பிடுறேன். ஒனக்கென்ன?" என்பாள்.

மருந்தையா வந்துபோன நாலாம் நாள் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. நடக்கத் தெம்பு வந்ததும் அந்தப் பெண்ணைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட வேண்டும். அவள் நிழல்கூடத் தோட்டத்தில் விழக் கூடாது. கூடவே துரை கையெழுத்துப் போட்ட சீட்டு. அதில் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பெயரும் கையெழுத்தும்தான். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துரத்துகிற சீட்டை ஏன் பிரசாதம் மாதிரி ஒற்றிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அழுதழுது கண் தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் சித்தி புறப்பட்டாள். லயத்துப் பெண்கள் இழவு வீட்டைப்போல அழுதார்கள். எல்லாருக்கும் மேலே கேட்டது அடுத்த காம்பராக்காரம்மாவின் ஒப்பாரி. ஒப்பாரி வைத்துக்கொண்டே அவள் சித்தியின் மூட்டை முடிச்சை அவிழ்த்து, உள்ளே ஏதோ திணித்து, இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அம்மா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பீலித் தண்ணீர்ச் சண்டை என்ன ஆயிற்று என்று நான் அங்கேயே கேட்டிருப்பேன். சித்தி அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்தியை எல்லைவரை கொண்டுபோய் விடப் பெரிய கங்காணியே வந்தார். ஒரு சின்னக் கங்காணியை அனுப்பினால் போதும். அவர் தாமே வந்தார். அம்மா என்னைப் பிடிக்கப் பிடிக்க நான் திமிறிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதை பங்களாவுக்குக் கீழே போகிறது. துரை விறாந்தையில் நின்றார். அங்கே வந்ததும் கங்காணியார் கையிலிருந்த தடியைச் சுழற்றிக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

"தள்ளு, தள்ளு! யாரும் கிட்ட வராத! மூதேவி, வெரசா நட! தோட்டத்துக்கே பீடையக் கொண்டாந்துட்டா! நட!"

விறாந்தையில் நின்ற துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சித்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். இப்போதுதான் எழுந்து நடக்கிறவளை இப்படி விரட்டுகிற மனிதனைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எல்லை ஓடை வந்தது. அக்கரையில், பாதை திரும்புகிற இடத்தில் துணிக்கார நானாவின் வண்டி நின்றது. வண்டியில் பூனாகலை மாமா உட்கார்ந்திருந்தார். கங்காணியார் கத்துவதை நிறுத்தினார். தடியைத் தாழ்த்தினார்.

"திரும்பிப் பாக்காம போ" என்றார்.

சித்தி நின்றாள். குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் சட்டென்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "போன்னு சொன்னேன்ல" என்று உறுமினார். சித்தி ஓடையில் இறங்கி நடந்தாள். வண்டி கிளம்பி, வளைவில் மறைந்து, மணிச்சத்தமும் தேய்ந்துபோகும்வரை கங்காணியார் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவள் திரும்பி வந்துவிடாமல் காவல் நிற்கிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாவம், காலில் விழ வந்தவளைக்கூடத் தொற்றிவிடும் என்று ஒதுக்கிய மனிதன்.

நான் குனிந்து கையில் அகப்பட்டதை எடுத்து முழு பலத்தோடு எறிந்தேன். அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகில், சரியாக நடுவில் போய் விழுந்தது.

இதைவிடச் சின்னக் குற்றத்துக்குப் பெரியவர்களே அவர் கையால் அடி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். கோட்டைத் தட்டவும் இல்லை, தடியைத் தூக்கவும் இல்லை. என்னைத் தாண்டி, கொழுந்து மலைப் பக்கமாக மெதுவாக ஏறிப் போனார். என்னிடம் பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கங்காணியார் முதுகில் எறிந்தேன், குறி தவறவில்லை, அவர் வாயே திறக்கவில்லை என்று. நிச்சயம் அடி விழும் என்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கல்லா, மண்ணா?" என்று கேட்டாள்.

"மண்ணாங்கட்டி."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலையைப் பார்க்கத் திரும்பினாள். கல்லாக இருந்திருந்தால் அம்மா அந்த நிமிஷமே என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த மனிதர் காலில் விழச் செய்திருப்பாள் என்பது எனக்கு அன்று தெரியாது. கல்லைத் தேடாமல் போனோமே என்ற வருத்தத்தோடு, அடுத்த தடவைக்கு ஓடையோரத்தில் எங்கெங்கே நல்ல கற்கள் கிடக்கின்றன என்று சிலேட்டில் எழுத உட்கார்ந்தேன்.